காசு சேர்க்கிற ஆள்

1

கனடாவில் நான் காசு சேர்க்கிறேன் என்று எழுதினால், ஊரில் இருக்கும் உங்களுக்கு அது இரண்டு விதமாக விளங்கும். ஆள் நன்றாக மிச்சம் பிடித்து வைத்திருக்கிறான், மகனின் படிப்புக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்பது ஒன்று. போர்க்காலத்தில் வீடு வீடாகத் தட்டிக் காசு வாங்கினார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன் போலிருக்கிறது, கிட்டப் போகாமல் இருப்போம் என்பது மற்றது. மூன்றாவதாகவும் ஒரு கருத்து அந்தச் சொல்லுக்கு இருக்கலாம் என்று எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தோன்றாது. அந்த மூன்றாவது கருத்தால் எனக்கு வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன். மன்னாரிலிருந்து நண்பர் ஒருவர், எங்கள் தேவாலயப் பங்கின் மலருக்கு "அங்கத்தைய வாழ்க்கையைப் பற்றி நல்லதாக ஏதாவது" எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார். நல்லதாக எழுதுவதற்கு வேறு ஆளைப் பார்க்கட்டும்.

நான் சேர்த்தது அமெரிக்காவின் பழைய காசுத்தாள்கள். எல்லாத் தாள்களும் அல்ல, நஷனல் பாங்க் தாள்கள் மட்டும். ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளிலிருந்து ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகள் வரை அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அரசாங்கத்திடம் அனுமதி பெற்ற ஊர் வங்கிகள் தங்கள் பெயரிலேயே காசு வெளியிடலாம். அச்சடித்த தாள்கள் வெட்டாமல் வங்கிக்கு வந்து சேரும். வங்கித் தலைவரும் காசாளரும் அவற்றில் கையெழுத்துப் போட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, ஊர்ச்சனத்துக்குக் கொடுப்பார்கள். தாளின் நடுவில் வங்கியின் பெயரும் ஊரின் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு மர ஆலையும் ஒரு கோவிலும் நாலு தெருவும் உள்ள ஊர்கூடத் தன் பெயரைக் காசில் போட்டுக்கொண்டது. எங்கள் ஊர்களின் பெயர் பஸ்ஸின் நெற்றியில் வருவதற்கே எவ்வளவு காலம் எடுத்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வங்கிகளில் பல மூடிவிட்டன. தாள்கள் மிஞ்சியிருக்கின்றன. இன்றைக்கும் செல்லும், ஆனால் மூளை உள்ள எவனும் செலவழிக்க மாட்டான். இதைச் சேர்ப்பவர்களிடம் ஒரு தலைகீழான கணக்கு இருக்கிறது. நியூயோர்க் மாநகரத் தாளை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, அது எங்கும் கிடைக்கும். ஒருவரும் கேள்விப்படாத ஊராக இருந்தால்தான் மதிப்பு. சின்ன ஊருக்கு இவ்வளவு மரியாதை தருகிற இன்னொரு கூட்டத்தை நான் இந்தக் கண்டத்தில் கண்டதில்லை.

2

இந்த விசர், இந்தக் காசுத்தாள் பைத்தியம், எனக்குப் பிடித்தது ஒரு கலியாண வரவேற்பில்.

ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபம். என் மனைவி றெஜினாவின் ஒன்றுவிட்ட தங்கையின் மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் வழக்கம்போல இரண்டு மணித்தியாலம் பிந்தி வருகிறார்கள், நெற்றியில் தெறிக்கிற சத்தத்தில் பாட்டுப் போகிறது. காற்று வாங்கலாமென்று வெளியே வந்தால், அதே கட்டடத்தின் மற்ற மண்டபத்தில் பழைய நாணயம், முத்திரை, காசுத்தாள் விற்கிற கண்காட்சி. கோட்டும் சூட்டுமாக உள்ளே போன என்னை ஏதோ பெரிய வாடிக்கையாளர் என்று நினைத்துக் கதிரை இழுத்துப் போட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அகலமான பத்து டொலர்த் தாள் ஒன்று. அதில் மெரிடன் ஃபோல்ஸ் என்று எழுதியிருந்தது. வாசித்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது.

ஏனென்றால் அந்த ஊரில் நான் இருந்திருக்கிறேன். கனடாவுக்கு நான் நேரே விமானத்தில் வந்து இறங்கவில்லை. அமெரிக்காவுக்குள் வந்து, பஸ் மாறி மாறி எல்லைப் பக்கம் போய், அகதி விசாரணைக்குக் கனடாக்காரர் கூப்பிடும் வரைக்கும் ஒரு தேவாலயத்தின் கீழ்மாடியில் காத்திருந்தேன். அந்தத் தேவாலயம் மெரிடன் ஃபோல்ஸில் இருந்தது. பனிக்காலம். பகலில் படுக்கையில் இருக்கக்கூடாது என்பது அங்கத்தைய ஒழுங்கு, அதனால் வெளியே போய் அந்த ஒற்றைத் தெருவில் மேலும் கீழும் நடப்பேன். குளிர் எலும்புக்குள் போகும்போது ஒரு பழைய கல்லுக் கட்டடத்தின் வாசற்குழியில் ஒதுங்குவேன். உள்ளே தளபாடக்கடை. மேலே கல்லில் ஃபெர்ஸ்ற் நஷனல் பாங்க் என்று வெட்டியிருந்தது. கடைக்காரர் ஒரு நாளும் என்னைத் துரத்தவில்லை, உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை. என் வாழ்க்கையில் நான் ஒருவருக்கும் ஒரு பதிலும் சொல்லத் தேவையில்லாமல் இருந்த நாட்கள் அவை. அதனாலோ என்னவோ, எனக்கு அந்த ஊரில் ஒரு பிடிப்பு விழுந்துவிட்டது.

அந்தத் தாளை வாங்கினேன். கலியாண வீட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த காசு என்வலப்பும் அந்த மேசையிலேயே போய்விட்டது. றெஜினா அன்றிரவு வீட்டில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உது எவ்வளவு?"

"பத்து டொலர்."

"நீங்கள் குடுத்தது எவ்வளவு?"

சொன்னேன்.

"பத்து டொலரை இவ்வளவு குடுத்து வாங்குற ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்குறன். இஞ்சருங்கோ, உங்களுக்கு வேலை இடத்திலை ஏதும் தலையிலை விழுந்ததோ?"

நான் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை, பிக்கரிங்கிலிருந்து போய் வருகிறேன். தலையில் விழக்கூடிய சாமான்கள் நிறைய உண்டு என்பதால் அவளுடைய கேள்வி நியாயமானதுதான். அந்த ஊரில் இருந்த கதையை நான் அன்றைக்கும் சொல்லவில்லை. வெட்கப்பட்டு மறைக்கவில்லை. "எப்படி வந்தனீங்கள்?" என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பிறகு அந்த பஸ் போன வழியில் இருந்த ஊர்களின் தாள்களாகத் தேடித் தேடி வாங்கினேன். எல்லாம் தாள்களைச் செருகி வைக்கிற ஒரு சின்ன அல்பத்துக்குள் அடங்கும்.

3

சேர்க்கிறது என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

போர் நடந்த காலத்தில் ரொறன்ரோவில் "காசு சேர்க்கிற ஆள்" என்றால் ஒரு கருத்துத்தான், ஊரில் சண்டை பிடிக்கிற இயக்கத்துக்குச் சேர்க்கிற ஆள். நாங்கள் அப்போது ஸ்காபரோவில் தொடர்மாடியில் இருந்தோம். அந்தக் கட்டடத்தில் உள்ள தமிழ் வீடுகளுக்கு நான் பொறுப்பாக இருந்து சேர்த்துத் தரவேண்டும் என்று கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். மன்னார் ஆள், எல்லாரோடும் நல்லமாதிரி, என்னை நம்பிக் கொடுப்பார்களாம். இன்னொருவன் வீட்டுக் கதவைத் தட்டிக் காசு கேட்க என்னால் முடியாது என்று சொன்னேன். அதன்பிறகு தமிழ்க்கடையில் என்னைக் கண்டால் சிலர் மரக்கறியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். துரோகி என்ற சொல்லை என் காது கேட்கச் சொன்னவர்களும் உண்டு. அவர்களில் இருவர் இப்போது வீடு விற்கிற ஏஜென்ற்கள், பஸ் தரிப்பிட விளம்பரங்களில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். காசு சேர்க்க மாட்டேன் என்று சொன்னதற்காக ஏச்சு வாங்கியவன் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

4

என் மகள் அனிற்றா இங்கே பிறந்தவள். இருபத்தைந்து வயது, படித்து முடித்துவிட்டு அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் வேலைக்கு எடுபட்டிருந்தாள். ஆனால் பாதுகாப்பு விசாரணை முடிந்த பிறகுதான் வேலை உறுதி. யாரோடு பழகுகிறாய், எங்கே போனாய், உன் தாய் தகப்பன் யார் என்று குடைவார்கள். மாதக்கணக்கில் அதிலேயே வீட்டில் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். அவள் தன் முகநூலில் இருந்த கலியாணப் படங்களைக்கூட ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தாள்.

அந்த நேரத்தில்தான் எல்லைக்கு அப்பால் ஒரு கண்காட்சிக்கு மெரிடன் ஃபோல்ஸின் இன்னொரு தாள் வருகிறது என்று அறிந்தேன். பழைய தாள், காசாளர் மையால் கையெழுத்துப் போட்டது. என்னிடம் உள்ளது பிந்திய காலத்தது, அதில் இருப்பது அச்சடித்த கையெழுத்து. மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஆசைப்பட்டேன். வழியில் அந்த ஊருக்கும் போய், அந்தக் கல்லு வாசலைக் காட்டி, கதையைச் சொல்லிவிடலாம் என்று எண்ணம். அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. தாயின் நச்சரிப்பாலும், திரும்பும்போது ஷொப்பிங் மோலுக்குப் போகலாம் என்ற கதையாலும் அவள் வரச் சம்மதித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க என் அல்பத்தையும் எடுத்துக்கொண்டேன்.

காரில் அவள் சொன்னாள்: "அப்பா, போடரிலை ஷோர்ட் ஆன்சேர்ஸ் மட்டும். கதை சொல்லக்கூடாது. ஓகே?"

"ஓம் பிள்ளை. எனக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியவில்லை. எல்லைப் பாலத்தைக் கடந்ததும் அமெரிக்கக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கி, என்ன விஷயமாகப் போகிறீர்கள் என்று கேட்டார். சின்னப் பதில்தானே வேண்டும். தமிழில் மனதுக்குள் இருந்ததை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கி வைத்தேன்.

"ஐ கலெக்ட் மணி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன காசு?

"நஷனல் மணி."

யாருக்காக?

நஷனல் பாங்க் தாள் சேர்க்கிற தமிழர் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்கிறார் போலும் என்று நான் விளங்கிக்கொண்டேன். "ஒன்லி மீ. அவர் பீப்பிள் நொட் கிவிங் இன்ரறெஸ்ற்," என்றேன். எங்கள் ஆட்களுக்கு இதில் அக்கறை இல்லை என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. பக்கத்தில் அனிற்றா "ஓ மை கோட், அப்பா" என்று மிக மெதுவாகச் சொன்னாள். அதிகாரி என் கடவுச்சீட்டை மறுபடி திறந்து பிறந்த இடத்தைப் பார்த்தார். மன்னார், இலங்கை. எங்கள் தேசத்துக்காகக் காசு சேர்ப்பதாகவும், இப்போது சனம் கொடுப்பதில்லை என்றும் ஒரு இலங்கைத் தமிழன் தானாகவே வந்து எல்லையில் ஒப்புக்கொண்டிருக்கிறான். அந்த மனிதனின் இடத்தில் நான் இருந்தாலும் காரை ஓரங்கட்டச் சொல்லியிருப்பேன்.

5

உள்ளே ஒரு மண்டபம். என்னை ஒரு மேசைக்கும் அவளை அடுத்த மேசைக்கும் கூப்பிட்டார்கள். இடையில் இடுப்பளவு மறைப்புத்தான், பேசுவது கேட்கும்.

என்னைக் கேட்ட இளைஞர் மரியாதையானவர். அல்பத்தை விரித்துப் பார்த்தார். இது உண்மையான காசா என்று கேட்டார். ஓம் என்றேன். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்றார். தாள்களில் எழுதியிருந்ததைக் கூட்டிச் சொன்னேன். நான் வாங்கியது எவ்வளவுக்கு என்றார். அதையும் சொன்னேன். பத்து டொலருக்கு ஏன் இவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். றெஜினா கேட்ட அதே கேள்விதான், ஆனால் இவர் பதிலை எழுதிக்கொள்ள வேறு காத்திருந்தார்.

எப்போதாவது ஏதாவது அமைப்புக்குக் காசு சேர்த்தாயா? இல்லை. உன்னை யாராவது கேட்டார்களா? கேட்டார்கள். அப்போது? மாட்டேன் என்று சொன்னேன். அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. இந்த நாட்டுக்கு முன்பு வந்திருக்கிறாயா? வந்தேன், கனடாவுக்குப் போகமுன் மெரிடன் ஃபோல்ஸில் இருந்தேன் என்று சொல்லி, விரித்து வைத்த தாளில் அந்தப் பெயரைத் தொட்டுக் காட்டினேன். மகளிடம் அந்த வாசலில் நின்று சொல்ல நினைத்திருந்த கதையை, கைத்துப்பாக்கி இடுப்பில் தொங்குகிற ஒரு பொடியனுக்குச் சொல்லி முடித்தேன். மறைப்புக்கு அந்தப் பக்கம் அனிற்றா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது தெரிந்தது.

அவளிடம் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி ஒரு பெண். உன் தகப்பன் காசு சேர்ப்பது உனக்குத் தெரியுமா? எவ்வளவு காலமாக? யார் யாரைச் சந்திக்கிறார்?

"ஐ டோன்ட் நோ," என்றாள் அனிற்றா. "ஹீ இஸ் மை டாட், பட் ஐ டோன்ட் றியலி நோ ஹிம்."

என் தகப்பன்தான், ஆனால் ஆளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அவள் பதறிச் சொல்லவில்லை. காலநிலையைச் சொல்வது போலச் சொன்னாள். வேலையைக் காப்பாற்றச் சொன்னாள் என்று அன்றைக்கு முழுவதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சரிவரவில்லை, ஏனென்றால் அவள் பொய் சொல்லவில்லை. நெஞ்சு வலித்தது என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. இத்தனை வருடம் பள்ளிக்கும் நீச்சலுக்கும் பியானோவுக்கும் ஏற்றி இறக்கிய பிள்ளை. அத்தனை பயணத்திலும் பின் சீற்றில் இருந்து பாட்டுக் கேட்டாள், நான் ரோட்டைப் பார்த்தேன்.

முடிவில் தாள்களைத் திருப்பித் தந்தார்கள். குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் இன்றைக்கு அனுமதி இல்லை, வாங்கியதற்கான அத்தாட்சிகளோடு இன்னொரு நாள் வரலாம் என்றார்கள். வந்த பாலத்தாலேயே காரைத் திருப்பினோம். கனடாப் பக்கக் கூண்டில் இருந்த பெண், எவ்வளவு நேரம் வெளியே இருந்தீர்கள், என்ன வாங்கினீர்கள் என்று கேட்டாள். நாங்கள் போகவே இல்லை என்று சொன்னேன்.

6

திரும்பும் வழியில் சென் கதறின்ஸ் தாண்டியதும் அனிற்றா என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அப்பா ஹொபி எண்டு சொல்லேல்லை? ஒரு வேர்ட். ஹொபி. அவ்வளவுதான்."

"வாயிலை வரேல்லை."

"அதுக்குத் தமிழ் இருக்குத்தானே?"

இருக்கிறது. பொழுதுபோக்கு. பள்ளிச் சோதனைத்தாளில் எழுதிய சொல், வாயால் சொல்லிப் பழகாத சொல். எனக்குத் தெரிந்த ஒருவரும் "என் பொழுதுபோக்கு இது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்குப் பொழுது போவது ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை, அது விடியாமல் இருந்ததுதான் பிரச்சினை. எதையாவது சேர்த்தால் சீதனத்துக்குச் சேர்ப்போம், பயணத்துக்குச் சேர்ப்போம், பிடிபட்ட ஆளை வெளியே எடுக்கச் சேர்ப்போம். சும்மா சேர்ப்பதற்கு ஒரு சொல் அவசரத்துக்கு வாயில் வராதது என் பிழையா? இதையெல்லாம் அவளுக்குச் சொல்ல என் ஆங்கிலம் போதாது, கேட்க அவள் தமிழ் போதாது.

பிறகு அவள் கேட்டாள்: "அந்த மெரிடன் ஃபோல்ஸ். அங்கை இருந்தனீங்கள் எண்டு சொன்னீங்கள்."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் கேட்கிறாள். கார் வேகத்தைக் குறைத்தேன்.

"ஓம் பிள்ளை. பனிக்காலம். ஒரு சேர்ச்சிலை..."

"இல்லை, அப்பா. அங்கை லீகலாத்தான் இருந்தனீங்களோ? என்ர செக்யூரிற்றி கிளியறன்ஸுக்கு அது முக்கியம்."

வேகத்தைக் கூட்டினேன்.

7

அதற்குப் பிறகு அவள் எனக்கு வகுப்பு எடுத்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். ஓம், இல்லை, தெரியாது. கனடாவுக்கு முந்திய ஊர்களைப் பற்றி, ஆதாரம் இல்லாத எதையும் பற்றி, யாரோடும் வாய் திறக்கவேண்டாம். "கலெக்ரர்" என்றும் சொல்லவேண்டாமாம். கடன் அறவிடுகிற ஆள் என்றும் நினைக்கலாம். கடைசியில், விசாரணை முடியும்வரைக்கும் அந்தத் தாள்கள் வீட்டில் இருக்கவேண்டாம் என்றாள். எங்கே வைப்பது? ஒளித்து வைத்தால் அதைவிடச் சந்தேகம். விற்றுவிடுவதுதான் சுத்தம்.

றெஜினா என்னிடம் தனியாக, "பிள்ளையின்ர எதிர்காலம், பாருங்கோ. நாலு பழைய தாளுக்காக அதைக் கெடுக்கப் போறியளே?" என்றாள்.

"நீர் ஒரு நாளாவது கேட்டனீரோ, நான் ஏன் உந்தத் தாளை வாங்கினனான் எண்டு?"

"ஏன்?" என்றாள். அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, அதைப் பார்க்கப் போனாள்.

அதே ஸ்காபரோ மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறிமுகமான வியாபாரியின் மேசையில் ஒரு மூலையை வாங்கி என் அல்பத்தை விரித்தேன். அனிற்றாவும் வந்திருந்தாள். நான் ஏதாவது கதைத்துக் கெடுத்துவிடுவேன் என்ற பயம். மற்றத் தாள்கள் மத்தியானத்துக்கு முன்பே போய்விட்டன. மெரிடன் ஃபோல்ஸ் மட்டும் இருந்தது.

பின்னேரம் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். பெயரை வாசித்ததும் அவருக்கும் கால் நின்றுவிட்டது. அவருடைய தாய் அந்த ஊராம். சிறுவயதில் கோடை விடுமுறைக்கு அங்கே போவாராம். அந்த வங்கிக் கட்டடம் பிறகு தளபாடக்கடையாக இருந்தது என்றார், வாசற்படி உட்குழிந்து இருக்கும், மழை வந்தால் அதற்குள்தான் ஓடிப்போய் நிற்போம் என்றார். அவர் விலை கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தார். தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் அந்த ஊருக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. கேட்பவருக்கு ஒரு வேலையும் இல்லை, ஒரு படிவமும் இல்லை. பதிலைத் தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் அந்தக் கிழட்டு முகத்தில் இருந்தது. பக்கத்தில் அனிற்றா போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"நோ," என்றேன்.

ஒரு முறை போய்ப் பாருங்கள், ஒன்றும் இல்லாத ஊர்தான், ஆனால் வடிவான ஊர் என்று சொல்லிக் கை தந்துவிட்டு அவர் போனார். வாசலைத் தாண்டும் வரைக்கும் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தட் வாஸ் பெர்ஃபெக்ட், அப்பா," என்று அனிற்றா என் தோளில் தட்டினாள். நான் சொன்ன ஒரு பதிலை என் மகள் மெச்சியது அதுதான் முதல் தடவை.